குடல் தன் இயல்பை மறப்பதில்லை

சிறுநீர்ப்பையின் தசையடுக்கைப் புற்றுநோய் ஊடுருவினால், பையையே அகற்ற நேரிடுகிறது. காசநோயால் சுருங்கிய பையோ சிறிதளவு சிறுநீரைக்கூடத் தேக்க இயலாததாகிவிடுகிறது. இவ்விரு நிலைகளிலும் அறுவை மருத்துவர் பெரும்பாலும் நாடுவது நோயாளியின் சிறுகுடலையே. அதன் கடைப்பகுதியான இலியத்தில் ஒரு துண்டு, இரத்த ஓட்டம் அறுபடாமல் பிரித்தெடுக்கப்படுகிறது.

1950இல் யூஜின் பிரிக்கர் விவரித்த முறையில், அத்துண்டு வயிற்றுச் சுவரின் துளை வழியே சிறுநீரை வெளிப்பைக்குச் செலுத்தும் வாய்க்காலாகிறது. 1980களில் ஸ்டூடர், ஹவுட்மன் முதலியோர் குடலைக் கொண்டு புதிய பையையே அமைத்துச் சிறுநீர் வடிகுழாயுடன் இணைத்தனர். இதன் நுட்பம் எளிமையானது, ஆழமானது. குழாய் வடிவக் குடல் சுருங்கிச் சுருங்கி அழுத்தத்தை எழுப்பும். அதனை நீளவாக்கில் பிளந்து மடித்துக் கோளவடிவில் தைத்தால், சுருக்கங்களின் ஒருங்கிசைவு குலைகிறது, கொள்ளளவு கூடுகிறது, அழுத்தம் தாழ்கிறது, சிறுநீரகம் காக்கப்படுகிறது.

வடிவத்தை மாற்றலாம், இயல்பை மாற்ற இயலாது. உறிஞ்சுவது குடலின் தொழில். சிறுநீரில் கழிய வேண்டிய அம்மோனியமும் குளோரைடும் மீண்டும் இரத்தத்தில் கலக்க, அமிலத்தன்மை மிகுகிறது. அது நீடித்தால் எலும்பும் நலிகிறது. குடற்சுவர் சுரக்கும் சளி, கல் உருவாவதற்குக் களமாகிறது. வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது இலியத்தின் இறுதிப் பகுதியில்தான். அப்பகுதியை இழந்தவரிடமும், கல்லீரலின் சேமிப்பு தீரும்வரை சில ஆண்டுகளுக்குக் குறைபாடு வெளிப்படுவதில்லை.

நம் ஆய்வு மரபின் குறை இங்கேதான் புலப்படுகிறது. சிறுநீரியல் எம்.சிஎச். படிப்பு 3 ஆண்டுகள். அதற்குள் முடிக்கப்படும் ஆய்வேடு அறுவை நேரத்தையும் இரத்த இழப்பையும் தையல் கசிவையும் அளக்கலாம். ஐந்தாம் ஆண்டின் பி12 அளவையோ பத்தாம் ஆண்டின் சிறுநீரகச் செயல்திறனையோ அளக்க இயலாது. மாணவர் பட்டம் பெற்று வெளியேறுகிறார். நோயாளியின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

தொலைவும் வறுமையும் தொடர்கண்காணிப்பைத் தடுக்கின்றன என்பர். அது மெய்யே. ஆயினும் பைகார்பனேட், கிரியாட்டினின், பி12 ஆகியவற்றை அறியும் இரத்தப் பரிசோதனைகளுக்கும் அல்ட்ராசவுண்டுக்கும் அறுவை நடந்த பெருநகருக்கே ஆண்டுதோறும் வர வேண்டியதில்லை. சொந்த மாவட்டத்திலேயே செய்து முடிவுகளை அனுப்பலாம். துறைக்கு ஒரு நிலையான பதிவேடு வேண்டும். அது ஒரு மாணவரின் உடைமையாக அன்றி, ஒவ்வோர் அணியும் அடுத்த அணிக்குக் கையளிக்கும் பொறுப்பாக அமைய வேண்டும்.

முறையைத் தேர்வதற்கும் இதுவே உரைகல். சிறுநீரகம் நலிந்தவருக்கும், தேவைப்படும்போது தாமே குழாய் செலுத்திப் பையைக் காலிசெய்ய இயலாதவருக்கும், பிரிக்கரின் எளிய வாய்க்காலே மேலானதாகலாம். அதனைப் பழைய முறையென ஒதுக்குவது அறிவியலன்று. தையலின் நேர்த்தி அறுவை அரங்கில் தெரியும். சிகிச்சையின் வெற்றியைப் பத்தாண்டுப் பதிவேடே சொல்லும்.