தொலைவில் ஒரு கண், அருகில் ஒரு கை

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். அகத்தின் நோயும் தோலில் தெரியும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. ஆனால், அதைப் படிக்கத் தெரிந்த கண் வேண்டுமே! தோல் மருத்துவர் பெருநகரில் இருக்கிறார். நோயாளியோ சிற்றூர் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறார். எழுந்து நடக்கவும் இயலாதவரைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவது எப்படி?

இதற்கு விடையாக வந்ததே தொலைவழித் தோல் மருத்துவம். வார்டில் உள்ளவரின் தோலைப் படமெடுத்து, நோய்க் குறிப்புடன் அனுப்பினால், நிபுணர் தம் இடத்திலிருந்தே கருத்துரைப்பார். மருத்துவர் ஒருவர் மற்றொரு மருத்துவரிடம் இவ்வாறு ஆலோசனை பெற, 2020 மார்ச் 25-இல் வெளியான இந்தியத் தொலைமருத்துவ நெறிமுறைகள் இடமளிக்கின்றன.

இதன் பயன் சிறிதன்று. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்ற மாத்திரைகள் அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமல், தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாகிவிடும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்னும் இந்நோயில் காரணமான மருந்தை உடனே நிறுத்துவதே முதற்கடமை. தாமதம் உயிரையே விலையாகக் கேட்கும். மாறாக, நாளங்களில் இரத்தம் தேங்கி இரு கால்களும் சிவந்தவருக்குக் கிருமித் தொற்று என்றெண்ணி வீணே ஊசி போடுவதும் உண்டு. அனுபவம் மிக்க கண் இரண்டையும் தடுக்கும்.

'படம் பார்த்து வைத்தியமா?' என்று கேட்பாரும் உளர். அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி இருக்கிறதா என்பதைப் படம் சொல்லாது. தொட்டுத்தான் அறிய வேண்டும். அழற்சியின் சிவப்பு கருமேனியில் எளிதில் புலப்படாது. மங்கிய விளக்கில் எடுத்த படத்தில் அறவே தெரியாது.

ஆகவே, என் கருத்து இதுதான்: தொலைவில் இருப்பவர் கண்ணாக இருக்கட்டும், கட்டிலருகே நிற்கும் மருத்துவரும் செவிலியரும் கையாக இருக்கட்டும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம், உட்கொண்ட மருந்துகளின் முழுப் பட்டியல், தொட்டறிந்த குறிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே செல்லவேண்டும். நோயாளியின் இசைவின்றிப் படம் எடுக்கலாகாது. எடுத்த படம் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவலாகாது. ஐயம் தீராவிடில் நேரில் காட்டத் தயங்கலாகாது.

இன்னொன்றும் சொல்வேன். இவ்வசதியைக் காரணம் காட்டி, அரசு மருத்துவமனைகளில் தோல் மருத்துவர் பணியிடங்களைக் காலியாக விட்டுவிடக் கூடாது. பணம் உள்ளவருக்கு மருத்துவர், ஏழைக்கு மருத்துவரின் படம் என்றாகிவிட்டால், அது விஞ்ஞானத்தின் வெற்றியாகாது. வளர்ந்த அறிவு வறியவன் கட்டில்வரை வந்து சேரவேண்டும். அதற்கு ஆவன செய்வது அரசின் கடமை.