58 எஃப், 58 ஜி: தேனியின் பழைய வரைபடங்கள் ஊருக்கு வர வேண்டும்

முல்லைப் பெரியாறு வழக்குகளில் அணையின் நீர்மட்டம் பேசப்பட்ட அளவுக்கு, குத்தகை ஆவணத்தில் இருக்கும் ஒரு கோடு பேசப்பட்டதில்லை. திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான 999 ஆண்டுக் குத்தகை, சுமார் 8,000 ஏக்கரை எழுதிக் கொடுத்தது. அந்த நிலத்துக்கு எல்லை, ஆற்றின் ஆழமான அடிமட்டத்திலிருந்து 155 அடி உயரத்தில் மலைச்சரிவைச் சுற்றி ஓடும் சமஉயரக் கோடு. தேக்கடி ஆனவச்சாலில் கேரள அரசு அமைத்த வாகன நிறுத்துமிடம் குத்தகை நிலத்துக்கு உள்ளே வருகிறதா, வெளியே நிற்கிறதா என்று அளந்து சொல்லும்படி 2023-இல் இந்திய நில அளவைத் துறையை உச்ச நீதிமன்றம் பணித்தது. 137 ஆண்டுகளுக்கு முன் தாளில் வரைந்த கோட்டைத் தேடி மறுபடியும் அளவைக் கருவிகள் மலையேறின.

வழக்கு என்று வந்தால் அரசுகள் பழைய வரைபடத்தைத் தேடி எடுக்கின்றன. கண்மாய் காணாமல்போன ஊரின் விவசாயிக்கும், உள்ளூர் வரலாறு சொல்லித்தர ஆசைப்படும் ஆசிரியருக்கும், வார்டு உறுப்பினருக்கும் அதே வரைபடம் கைக்கு எட்டுவதில்லை. தேனி மாவட்டத்தில் இது மாற வேண்டும்.

சென்னை பரங்கிமலை அருகே 1802-இல் வில்லியம் லாம்டன் அடித்தளக் கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையின் மீதுதான் நம் ஊர் வரைபடங்கள் எல்லாம் நிற்கின்றன. 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்த வார்டு, கானர் இருவரில் வார்டு 1821-இல் பழனி மலைக்கும் ஏறினார். பிறகு ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் விரிவான தாள்கள் வந்தன. மெட்ரிக் முறைக்கு மாறியபின் அவை 1:50,000 அளவைக்கு வந்தன. வனத்துறையினரும் பொறியாளர்களும் 'டோப்போ ஷீட்' என்று சொல்வது இவற்றைத்தான். இந்திய நில அளவைத் துறையின் எண் முறையில் நம் பகுதி 58 எஃப், 58 ஜி என்ற இரண்டு கட்டங்களில் விழுகிறது. போடி 58 எஃப்/8-இலும், உத்தமபாளையம் 58 ஜி/5-இலும், கம்பம் 58 ஜி/6-இலும், பெரியாறு அணை 58 ஜி/2-இலும் இருக்கின்றன. தேனி நகரமோ நான்கு தாள்கள் சந்திக்கும் மூலைக்கு வெகு அருகில் இருக்கிறது. ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்துப் பார்க்க நான்கையும் ஒட்டவைக்க வேண்டும்.

ஒரு தாளை விரித்து ஒரு கண்மாயை மட்டும் கூர்ந்து பார்த்தாலே போதும். கரை, வில்போல் வளைந்த தடித்த கோடாக இருக்கும். அதன் அருகே '5r' என்பதுபோல் ஒரு சிறு எண். சுற்றியுள்ள தரையிலிருந்து கரை எழும்பி நிற்கும் உயரம் அது. வற்றாத நீர் நீல நிறத்தில் இருக்கும். கோடையில் காய்ந்துபோகும் நீர்நிலைக்கு வேறு குறி. மேற்கே மலையடிவாரத்திலிருந்து வரும் ஓடை எந்த இடத்தில் கண்மாய்க்குள் நுழைகிறது, மறுகால் எந்தப் பக்கம் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது என்பதெல்லாம் அந்த விரலளவு இடத்துக்குள் கிடைக்கும். கண்மாயைத் தூர்வாரினால் போதும் என்று நினைக்கிறோம். வரத்து ஓடை எங்கே அறுந்தது என்று தெரியாமல் தூர்வாரிய கண்மாயில் மழைக்காலத்திலும் தண்ணீர் நிற்காது. தேனியின் மீறுசமுத்திரக் கண்மாய், கம்பத்தின் வீரப்ப நாயக்கன் குளம், கூடலூரின் ஒட்டான்குளம் இவற்றுக்கெல்லாம் கரையை விடவும் முக்கியமானது வரத்து வாய்க்கால். அது வீட்டு மனைகளுக்கு அடியில் எங்கே போயிற்று என்று தேடுகிறவருக்குச் செயற்கைக்கோள் படம் அதிகம் உதவாது. கூகுள் எர்த்தில் தெருவளவு தெளிவாகக் கிடைக்கும் பழைய படங்கள் ஏறத்தாழ இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரைதான். தேனி மாவட்டத் தலைநகரானதோ அதற்கு முன்பே, 1997-இல்.

கம்பம் பள்ளத்தாக்கின் நினைவு பெரும்பாலும் பெரியாறு அணை வந்த 1895-இல் தொடங்குகிறது. அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் படம் மாட்டாத வீடு இங்கே குறைவு. அவர் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள். அந்த நன்றி நியாயமானது. பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக மலையைத் தாண்டி வந்ததால்தான் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. ஆனால் முல்லையாறும் சுருளியாறும் அதற்கு முன்பும் ஓடின. அவற்றின் குறுக்கே தடுப்பணைகளும், அவற்றிலிருந்து பிரிந்த வாய்க்கால்களும், அவற்றைப் பராமரித்த ஊர்களும் இருந்தன. அணைத் திட்டத்துக்கும்கூட அளவையின் நீண்ட வரலாறு ஒன்று உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இந்தத் திட்டத்தை யோசித்தார். 1808-இல் கேப்டன் ஜேம்ஸ் கால்டுவெல் மட்டம் பார்த்து, நடக்காத காரியம் என்று ஒதுக்கினார். 1867-இல் மேஜர் ரைவ்ஸ் புதிய திட்டம் தந்தார். 1882-இல் பென்னிகுயிக்கிடம் பொறுப்பு வந்தது. முக்கால் நூற்றாண்டுக் காலம் ஒரே மலையை மறுபடி மறுபடி அளந்திருக்கிறார்கள். முடியாது என்றவர்களும் முடியும் என்றவர்களும் மலையின் மட்டத்தை வைத்தே வாதாடினார்கள். பள்ளிப் பாடத்தில் இந்தக் கதை இருந்தால், அணை ஒரு தனிமனிதரின் அற்புதம் என்ற அளவில் நின்றுவிடாமல், பல தலைமுறைகளின் உழைப்பாகப் பிள்ளைகளுக்குப் புரியும்.

வடக்கே போனால் வேறொரு கதை. குரங்கணியிலிருந்து மேலே ஏறுகிறவர்கள் 'சென்ட்ரல் ஸ்டேஷன்' வழியாக 'டாப் ஸ்டேஷன்' போகிறார்கள். ரயில் எங்கே என்று கேட்காத பிள்ளை இல்லை. மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவர 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908-இல் அது குறுகிய ரயில் பாதையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவட வழியில் பெட்டிகள் இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்குப் போயின. 1924 வெள்ளம் மேலே இருந்த ரயில் பாதையை அடித்துச் சென்றது. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1928-இல். இரண்டாம் உலகப் போரின்போது அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் மீண்டும் போட்டார்கள். 2010 இறுதியில் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். 2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்பியது. ஆக, எந்தப் பழைய தாளை எடுத்தாலும் முதலில் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவை ஆண்டைப் பார்க்க வேண்டும். அச்சிட்ட ஆண்டு வேறு, நிலத்தை அளந்த ஆண்டு வேறு. இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள்கூட இருக்கலாம். வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது. 1960-களில் அச்சான தாளில் அணை இல்லையென்றால், அளவை அதற்கு முந்தையது என்று பொருள்.

வரைபடத்தை வேதமாகக் கொள்ளவும் கூடாது. கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் அனுமதி. பளியன்குடியிலிருந்து நடந்தும், குமுளியிலிருந்து ஜீப்பிலும் மக்கள் ஏறுகிறார்கள். கோயில் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்ற தகராறில், 19-ஆம் நூற்றாண்டு அளவை வரைபடங்களைத் தமிழகத் தரப்பு சான்றாகக் காட்டுகிறது. அவை வலுவான சான்றுகள் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த வரைபடங்களைப் போட்டவர்களுக்கு வரியும் காடும் சாலையும் படை நகர்வும்தான் முக்கியம். மலைச்சரிவில் பளியர் தங்கிய இடங்களும், தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஏறும் பெண்களின் நடைபாதையும் அவர்களுக்குப் புள்ளிக்கோடாகத் தெரிந்தால் உண்டு. வரைபடத்தில் இல்லை என்பதை வைத்து, அங்கே யாரும் இருந்ததில்லை என்று எந்த அதிகாரியும் முடிவுகட்டிவிடக் கூடாது.

அளவையின் வரம்பும் உண்டு. 1:50,000 தாளில் ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது 25 ஹெக்டேர். 20 ஏக்கர் கண்மாய் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஊருணியும் குட்டையும் தெரியவே தெரியாது. அவற்றுக்கு வருவாய்த் துறையின் கிராம வரைபடமும், புலப்படமும், அ-பதிவேடும் வேண்டும். டோப்போ ஷீட் நீரின் போக்கைக் காட்டும். புலப்படம் அந்த நிலம் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்பதையும், அ-பதிவேடு அது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் காட்டும். இவற்றைச் சேர்த்து வைத்தால்தான் ஆக்கிரமிப்பு வழக்கில் வாய் திறக்க முடியும்.

பழைய தாளை இன்றைய படத்தோடு ஒப்பிடும் வேலையும் எட்டாத தொழில்நுட்பம் இல்லை. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் பழைய தாளை ஏற்றி, இடம்பெயராத புள்ளிகளை இன்றைய படத்தோடு பொருத்த வேண்டும். உத்தமபாளையம் காளாத்தீஸ்வரர் கோயில், சின்னமனூர் பூலாநந்தீஸ்வரர் கோயில், மலை உச்சிகளில் முக்கோணக் குறியிட்ட இடங்கள் ஆகியவை பொருத்தமானவை. ஆற்று வளைவை எடுக்கக் கூடாது, ஆறு நகரும். பழைய தாளின் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே செல்போனில் போட்டாலும் இடம் தப்பும். அன்றைய எவரெஸ்ட் கணக்குக்கும் இன்றைய ஜிபிஎஸ் கணக்குக்கும் வித்தியாசம் உண்டு. கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத்துக்குள் கற்றுச் செய்துவிடக்கூடிய வேலை இது.

தடை வேறெங்கோ இருக்கிறது. 2005 தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கென்று தனி வரிசைத் தாள்களைக் கொண்டுவந்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு புவிசார் தரவுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. இணையத்திலும் தாள்கள் கிடைக்கின்றன. அவை புதிய தாள்கள். நமக்கு வேண்டியவை 1956 எல்லைப் பிரிவினைக்கு முந்தைய, வைகை அணைக்கு முந்தைய பதிப்புகள். அமெரிக்க ராணுவம் 1950-களில் வெளியிட்ட இந்திய வரைபட வரிசை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் அளவை 1:2,50,000. கண்மாயைத் தேட அது போதாது. ஆனாலும், நம் ஊரின் எழுபது ஆண்டுப் பழைய படத்தை டெக்சாஸிலிருந்து இறக்கிப் பார்ப்பது எளிதாகவும், டேராடூனில் உள்ள நில அளவைத் துறையிடமிருந்தோ எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்திலிருந்தோ பெறுவது கடினமாகவும் இருப்பது வேதனைக்குரியது.

58 எஃப், 58 ஜி கட்டங்களின் எல்லாப் பழைய பதிப்புகளையும் இந்திய நில அளவைத் துறை வருடி இணையத்தில் வைக்க வேண்டும். தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ள பழைய கிராம வரைபடங்களை மாநில அரசு அவ்வாறே திறந்துவிட வேண்டும். மாவட்ட நிர்வாகம் காத்திருக்காமல், ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் அந்த ஊரின் கண்மாயும் வரத்து வாய்க்காலும் தெரியும் பழைய வரைபடத்தின் நகலைச் சுவரில் மாட்டச் செய்யலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே கேளுங்கள். நகராட்சியில் இருப்பவர்கள் பகுதி சபையில் கேளுங்கள்.