சாஸ் கடைசியில்தான் வரவேண்டும்

வீட்டில் ஸ்டேக் சுடவேண்டும் என்று ஆசை வந்தவுடன் பலர் முதலில் வாங்குவது இறைச்சியை அல்ல, பாட்டிலில் விற்கும் பார்பிக்யூ சாஸை! அதை இறைச்சியின் மேல் தாராளமாக ஊற்றி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் தீயில் போடுகிறார்கள். வெளியே கருகிவிடுகிறது, உள்ளே வேகவில்லை. பழி அடுப்பின் மேல். பாவம், அடுப்பு ஒரு தப்பும் செய்யவில்லை.

அந்த சாஸ்களில் பெரும்பாலும் சர்க்கரை அதிகம். இறைச்சி வேகும் முன்பே சர்க்கரை கருகிவிடும். போதாததற்கு ஈரம் வேறு. இறைச்சி பழுப்பு நிறமாகி அந்த வாசனை வரவேண்டுமென்றால் அதன் மேல்பகுதி சுமார் 140 டிகிரி செல்சியஸைத் தொடவேண்டும். மேலே தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஆக, சாஸில் குளித்த ஸ்டேக் முதலில் அவிகிறது, பிறகு கருகுகிறது. சுடுவது என்ற காரியம் நடப்பதே இல்லை.

இந்த விஷயத்தில் அர்ஜென்டினாக்காரர்கள் சொல்வதைக் கேட்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பமும் நண்பர்களும் கூடி, வீட்டு முற்றத்திலோ மொட்டைமாடியிலோ இறைச்சி சுட்டுச் சாப்பிடுவதை அங்கே 'அசாடோ' என்கிறார்கள். இறைச்சிக்குப் போடுவது கல்லுப்பு மட்டும். கொழுந்துவிட்டு எரியும் நெருப்பில் வைப்பதும் இல்லை. விறகு எரிந்து அடங்கி, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்த தணல்தான். கம்பிக்கு மேலே உள்ளங்கையைக் காட்டி ஐந்தாறு விநாடி தாங்க முடிந்தால் நிதானமான சூடு. சுடுபவரின் பெயர் 'அசாடோர்'. சாப்பிடும்போது எல்லோரும் அவருக்கு ஒரு கைதட்டல் கொடுப்பது வழக்கம். (சமைத்தவருக்குக் கைதட்டும் பழக்கம் எல்லா ஊருக்கும் பரவினால் நன்றாயிருக்கும்!)

சாஸ்? அது மேசையில் காத்திருக்கிறது. சிமிச்சுரி என்று பெயர். கொத்தமல்லித் தழை போலத் தோன்றும் பார்ஸ்லி, ஒரெகானோ, பூண்டு, மிளகாய்த்தூள், வினிகர், எண்ணெய், உப்பு. அவ்வளவுதான். மிக்ஸியில் கூழாக அரைக்காமல் கத்தியால் பொடியாக நறுக்கிக் கலந்தால் போதும். அரை நாள் முன்னதாகச் செய்து வைத்தால் பூண்டின் காரம் அடங்கி எல்லாம் ஒன்றாகச் சேரும். கொழுப்பான இறைச்சிக்கு வினிகரின் புளிப்பு எவ்வளவு பொருத்தம் என்பது ஒரு வாய் சாப்பிட்டால் தெரியும். பாட்டில் சாஸ் இறைச்சியின் சுவையை மூடிவிடுகிறது. இது அதை எடுத்துக் காட்டுகிறது. பச்சை இறைச்சியில் தடவிய பிரஷ்ஷை மட்டும் இந்தக் கிண்ணத்தில் விடக்கூடாது.

இதெல்லாம் வெறும் ருசிப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. 1950-களில் அர்ஜென்டினாவில் ஒருவர் வருடத்துக்குச் சுமார் 100 கிலோ மாட்டிறைச்சி சாப்பிட்ட காலம் உண்டு. 2024-இல் அது 50 கிலோகூட இல்லை. 2023-இல் மட்டும் அங்கே பணவீக்கம் 200 சதவீதத்தைத் தாண்டியது. மாதத்துக்கு ஒருமுறைதான் நல்ல துண்டு வாங்க முடியும் என்றிருக்கும் வீட்டில், அதைக் கருக்கிவிடுவது சின்ன நஷ்டமா? அந்த வீட்டுக்குக்கூட ஒரு கட்டு பார்ஸ்லியும் நாலு பல் பூண்டும் கட்டுப்படியாகும். விலை குறைந்த துண்டையும் மெதுவாகச் சுட்டு, மெல்லியதாக வெட்டி, சிமிச்சுரியோடு பரிமாறினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

முதலில் பெருந்தீயில் வாட்டினால் சாறு உள்ளேயே அடைபட்டுவிடும் என்றொரு நம்பிக்கையும் உலவுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பரப்பிய கருத்து இது. தவறு என்று நிரூபணமாகிவிட்டது. வாட்டிய பிறகும் இறைச்சி கம்பியில் 'சுர்ர்' என்கிறதே, அது என்னவாம்? வெளியேறும் சாறுதானே! வாட்டுவது ருசிக்காக மட்டுமே.

சுட்டு எடுத்ததும் ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் வெங்காயம், தக்காளி, குடைமிளகாய் நறுக்கி எண்ணெயும் வினிகரும் ஊற்றினால் இன்னொரு சாஸும் தயார். அர்ஜென்டினாவில் அதையும் சிமிச்சுரிக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள்.