வீழ்ச்சியின் கணக்கு வெளிவரட்டும்

2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2இன் விக்ரம் கலம் சந்திரனில் மோதி நொறுங்கியதன் காரணங்களை ஆராய்ந்த நிபுணர் குழுவின் அறிக்கை, சந்திரயான்-3 வெற்றி கண்ட பின்னரும் முழு வடிவில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படாதிருப்பது நியாயமன்று என்பதே நம் அபிப்பிராயம்.

இறங்கும் கலத்துக்கு உயரமும் வேகமும் தெரிந்தால் மட்டும் போதாது. தான் எந்தப் பக்கம், எத்தனை பாகை சாய்ந்திருக்கிறோம் என்பதும் கணந்தோறும் தெரிந்தாக வேண்டும். திசை காணும் தேவை கோயில் கட்டுவோர்க்கும் உண்டு: ஆவுடையார்கோவிலில் ஆத்மநாதர் சந்நிதி தெற்கு நோக்கி அமைந்தது. அத்தகைய ஆலயங்களுக்குத் திசை நிர்ணயிக்கச் சங்கு எனும் கோல் நாட்டி, அதன் நிழலைக் குறித்துக்கொள்வது ஸ்தபதிகளின் மரபு. இன்று தவறினால் நாளையும் சூரியன் உண்டு. விண்கலத்துக்கு அந்த அவகாசம் இல்லை. நட்சத்திர உணரி காட்டிய திசையிலிருந்து தொடங்கி, ஜைராஸ்கோப் சொல்லும் சுழற்சியைக் கூட்டிக்கொண்டே அது தன் நிலையைக் கணிக்கிறது. கூட்டலில் புகுந்த பிழையும் கூடவே வளர்கிறது.

2016 அக்டோபர் 19 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்கியாபரெல்லி கலம் செவ்வாயில் இறங்குகையில், பாராசூட் விரிந்த ஆட்டத்தில் சுழற்சியளவி தன் உச்ச எல்லையில் ஏறக்குறைய ஒரு விநாடி நின்றுவிட, அதை மெய்யென நம்பிய கணினி, கலம் சுமார் 165 பாகை புரண்டுவிட்டதாகக் கொண்டு, ரேடார் தந்த தூரத்தை அந்தப் பொய்ச் சாய்வோடு சேர்த்துக் கணக்கிட்டு, தரைக்கும் கீழே போய்விட்டதாகவே முடிவுகட்டியது. பாராசூட் கழன்றது, எந்திரங்கள் 3 விநாடியில் அணைந்தன. தரையோ இன்னும் 3.7 கி.மீ. கீழே இருந்தது. இவ்வளவையும் அவர்கள் 2017 மே மாதத்திலேயே விசாரணை அறிக்கையாகப் பிரசுரித்துவிட்டனர்.

நமக்குக் கிடைத்தவை, 2019 நவம்பரில் மக்களவையில் தரப்பட்ட எழுத்துமூலச் சுருக்கமும், 2023இல் இஸ்ரோ தலைவர் சோமநாத் அளித்த விளக்கமுந்தான். எஞ்சின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததை மிஞ்சியது. சேர்ந்துபோன பிழைகளைத் திருத்தக் கலம் விரைந்து திரும்ப வேண்டியிருந்தது. மென்பொருளோ அத்திருப்பத்துக்கு வரம்பு கட்டியிருந்தது. இந்தப் பாடம் வீணாகவில்லை. விழுப்புரத்து வீரமுத்துவேலைத் திட்ட இயக்குநராகக் கொண்ட சந்திரயான்-3இல், 500 மீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடம் 4 கி.மீ. நீளமும் 2.4 கி.மீ. அகலமுமாக விரிந்தது, லேசர் டாப்ளர் வேகமானி சேர்ந்தது, 2023 ஆகஸ்ட் 23 அன்று கலம் நிமிர்ந்தே நின்றது.

தேச ரகசியம் என்று ஆட்சேபிப்பவர் உண்டு. ரகசியமான பாகங்களை நீக்கிவிட்டு வெளியிட எந்தத் தடையும் இல்லை. வரி செலுத்திய குடிமகனுக்கு மட்டுமன்றி, நாளை இத்துறைக்கு வரப்போகும் நம் வட்டாரத்துப் பள்ளி மாணவனுக்கும் வெற்றியின் புகைப்படத்தைவிடத் தோல்வியின் கணிதமே அதிகம் கற்பிக்கும். இஸ்ரோ அவ்வறிக்கையை, தமிழ்ச் சுருக்கத்தோடு, தாமதமின்றி வெளியிட வேண்டும்.