உலோகத் தீ

உலோகத் தீ என்பது மக்னீசியம், தைட்டானியம், சிர்க்கோனியம், அலுமினியம், சோடியம் போன்ற உலோகங்கள் எரிவதால் உண்டாகும் தீயாகும். இது பல நாடுகளில் டி வகுப்புத் தீ என வகைப்படுத்தப்பட்டுள்ளது. பெருங்கட்டியாக எளிதில் தீப்பற்றாத உலோகமும் தூளாகவோ மெல்லிய தகடாகவோ இருக்கும்போது, காற்றுடன் தொடும் பரப்பு மிகுவதால், விரைந்து எரியக்கூடும்.

தோன்றும் விதம்

வேதி ஆலைகளின் வடித்தற் கோபுரங்கள் சிலவற்றில் மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். கோபுரம் பராமரிப்பிற்காகத் திறக்கப்படும் வேளையில் இடர் மிகுகின்றது. உள்ளே படிந்துள்ள இரும்புச் சல்பைடு காற்றுப் பட்டதும் தானே சூடேறி, எஞ்சிய எண்ணெயைப் பற்றச் செய்யும். அவ்வெப்பத்தால் தகடுகளும் எரியலாம். வெட்டும் பணியிலும் ஒட்டும் பணியிலும் தெறிக்கும் பொறிகள் மற்றொரு காரணமாகும்.

இரு விபத்துகள்

2010 டிசம்பர் 9 அன்று ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், நியூ கம்பர்லாந்தில் இருந்த ஏ. எல். சொல்யூசன்சு ஆலையில் உலோகத் தூள் வெடித்து மூவர் இறந்தனர். தூளைக் கலக்கும் கருவியின் அலகுகள் அதன் சுவரில் உராய்ந்தமை காரணமாகலாம் என அந்நாட்டு வேதிப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது.

2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷான் நகரில், வாகனச் சக்கரங்களை மெருகேற்றும் ஆலையொன்றில், தூசு சேகரிப்பானில் ஈரம்பட்ட அலுமினியத் தூசு சூடேறி வெடித்தது. இதில் 146 பேர் இறந்தனர்.

அணைத்தலும் தடுத்தலும்

எரியும் உலோகத்தின் மீது நீர் பட்டால் ஐதரசன் வளிமம் வெளிப்பட்டு வெடிக்கக்கூடும். மக்னீசியம் கரியமில வாயுவிலும் எரியும். தைட்டானியம் நைட்ரசனிலும் எரியும். ஆகவே உலர்ந்த மணல், கிராபைட்டுத் தூள், சோடியம் குளோரைடை அடிப்படையாகக் கொண்ட தூள் முதலியவற்றால் தீயை மூடுவர். கருவிக்குள் ஆர்கானைச் செலுத்துவதும் உண்டு. எனினும் தடுத்தலே சிறந்தது. தூசு சேராமல் துப்புரவு செய்தல், திறக்குமுன் கோபுரத்தைக் குளிரச் செய்து கழுவுதல், வெப்பநிலையைக் கண்காணித்தல் ஆகியன முதன்மையானவை.

சட்ட நிலை

1980 முதல் 2005 வரை ஐக்கிய அமெரிக்காவில் உலோகம் உள்ளிட்ட எரியக்கூடிய தூசுகளால் 281 விபத்துகள் நேர்ந்து 119 பேர் இறந்தனர் என மேற்கூறிய வாரியம் 2006 இல் கணக்கிட்டு, பொதுவான விதியொன்றைப் பரிந்துரைத்தது. 2009 இல் தொடங்கிய விதியாக்கம் 2017 இல் கைவிடப்பட்டது. தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் நெறிமுறைகள் விரிவானவை. ஆயினும் அரசு ஏற்று நடைமுறைப்படுத்தும் இடங்களில் மட்டுமே அவை சட்டமாகக் கட்டுப்படுத்தும். நியூ கம்பர்லாந்தில் அவை பின்பற்றப்படவில்லை என்பதை வாரியத்தின் 2014 அறிக்கை காட்டுகின்றது. தடுக்கும் வழி முன்பே எழுதப்பட்டிருந்தும், அதனைக் கட்டாயமாக்கும் விதி இல்லாமை தொழிலாளரின் உயிரைப் பணயமாக்கியது எனலாம்.