தெருவும் பார்வையற்றோரும்

கண்ணில்லாதவருக்கு உலகம் முழுவதும் ஒரே இருள் என்றும், பிறர் கைகொடுத்தாலன்றி அவர் ஓரடியும் எடுத்துவைக்க இயலாதென்றும் நம்மவரிற் பெரும்பாலோர் எண்ணி வருகிறார்கள். இவ்வெண்ணம் இரக்கத்தினின்று பிறந்ததாயினும் உண்மைக்கு மாறானது. இதனால் விளையும் தீங்கும் சிறிதன்று.

எதிரேயுள்ள சுவரைத் தொடுமுன்னரே பார்வையற்றவர் சிலர் அறிந்து நின்றுவிடுவது வெகு காலமாகத் தெரிந்த விஷயம். முகத்தின் தோலே அதை உணர்கிறதென்று பலர் நம்பினர். பார்வையற்றவர்களிலும் பலர் அப்படியே கருதினர். அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில் சூபா, காட்ஸின், டாலன்பாக் என்னும் மூவர் இதைப் பரீக்ஷித்து 1944-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டனர். முகத்தைத் தடித்த துணியால் மூடியபோதும் நடந்து சென்றவர்கள் தடுப்பை அறிந்து நின்றார்கள். காதுகளை அடைத்தவுடன் அதன்மேல் மோதிக்கொண்டார்கள். காலடி ஓசை தடுப்பிற் பட்டுத் திரும்புவதே அவர்களுக்கு அறிவிப்பு என்பது ருஜுவாயிற்று. கண்ணைக் கட்டிக்கொண்ட பார்வையுள்ளவர்களுங்கூடப் பழகப் பழக இவ்வித்தையைக் கற்றுக்கொண்டனர். ஆராய்ந்த மூவருள் சூபா தாமே பார்வையற்றவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

செவி ஒரு கருவி மாத்திரமே. தடியின் நுனி தரையின் மேடுபள்ளத்தைக் கூறும். குறுக்குத் தெரு வந்ததும் ஒரு பக்கத்துச் சுவரின் எதிரொலி நின்று காற்று வீசும். பூக்கடையும் காப்பிக் கடையும் வாசனையினாலேயே தம் இருப்பிடத்தைத் தெரிவிக்கும். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்திற் கோத்து முதலில் ஒரு வழியாகவும், பின்னர் பல வழிகளை இணைத்து ஊரின் படமாகவும் அவர் மனத்தில் வரைந்துகொள்கிறார். நாம் ஒரு பார்வையிற் பெறுவதை அவர் பல நாள் உழைப்பினாற் சம்பாதிக்கிறார். இடமறியும் உயிரணுக்கள் மூளையில் உள்ளன என்று கண்டவர்களுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. இளமையிலேயே பார்வையிழந்த எலிகளிடத்தும் அவ்வணுக்கள் தொழில் புரிகின்றன என்றும், சுற்றியுள்ள பொருள்களைத் தொட்டறிந்த பின்னரே அவை விழிக்கின்றன என்றும் 1998-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டனர். படம் வரையக் கண் வேண்டுவதில்லை. நிலைபெயராத அடையாளங்கள் வேண்டும்.

அவ்வடையாளங்கள் நம் நகரங்களில் நிலைக்கின்றனவா? நேற்றில்லாத பள்ளம் இன்று வாய் திறந்திருக்கிறது. நடைபாதையின்மேல் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாய் நிற்கின்றன. ஏழை வியாபாரியின்மேல் பழி போடுவது எளிது. நாம் அதற்கு உடன்படோம். வருஷக்கணக்காக ஒரே மூலையிலிருக்கும் பெட்டிக்கடை பார்வையற்றவருக்கு உதவியான அடையாளமே. முன்னறிவிப்பின்றி வந்து கிடப்பவையே அவர் மனப்படத்தை அழிக்கின்றன.

ஜப்பானில் மியாகே என்பவர் 1965-ல் கண்டறிந்து, 1967-ல் ஒகயாமா நகரத்துப் பார்வையற்றோர் பள்ளிக்கூடத்தின் அருகே முதன்முதல் பதித்த புடைப்புக் கற்கள் நம் தேசத்துக்கும் வந்திருக்கின்றன. நீண்ட கோடுகள் 'மேலே செல்' என்றும், வட்டப் புள்ளிகள் 'நின்று கவனி' என்றும் காலுக்குச் சொல்லும். ஆனால் நம் ஊர்களில் அவ்வரிசை மரத்தில் முட்டி நிற்பதையும், விளக்குக் கம்பத்தில் முடிவதையும், கோட்டுக் கல்லும் புள்ளிக் கல்லும் அலங்காரம்போல் மாற்றி அடுக்கப்பட்டிருப்பதையும் காண்கிறோம். பொய் வழி காட்டும் கல்லைப் பதிப்பதிலும் பதிக்காமலே விடுவது நல்லது. கண்ட்ராக்டருக்குப் பணம் சேர்ந்துவிடுகிறது. நடப்பவருக்கு நெற்றியிற் காயம்.

2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் பார்வைக் குறையுள்ளவர்கள் ஏறக்குறைய 50 லக்ஷம் பேர். இவர்கள் தர்மம் கேட்கவில்லை. வரி செலுத்தும் பிரஜைகளாய்த் தெருவில் நடக்கும் உரிமையைக் கேட்கிறார்கள். 2016-ம் வருஷத்துச் சட்டம் அவ்வுரிமையை ஒப்புக்கொண்டது. அதன்கீழ் ஏற்பட்ட விதி வெறும் சிபார்சுகளாகவே இருப்பது சட்டத்துக்கு முரணென்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி சர்க்காருக்கு உத்தரவிட்டனர். விதிகள் காகிதத்தில் இருந்தாற் போதாது. நகர சபைகளுக்கு நாம் கூறுவது இதுவே: புதிதாய்ப் போட்ட நடைபாதை ஒவ்வொன்றிலும், கண்ட்ராக்டரின் பில் பாஸாகுமுன், அவ்வூரிலுள்ள பார்வையற்றவர் இருவர் தடியுடன் கடைசிவரை தனியே நடந்து பார்க்கட்டும், அவர்கள் சரியென்று கையொப்பமிட்ட பின்னரே பணம் கொடுக்கப்படட்டும்.