வாயைத் தைத்தால் டெட்பூல் ஏது?

சூப்பர் ஹீரோ படங்கள் எங்கே சறுக்குகின்றன என்று கேட்பவர்களுக்கு, ரயன் ரெனால்ட்ஸ் ஒரே கேரக்டரில் இரண்டு முறை நடித்த கதையைத்தான் சொல்வேன்.

மார்வெல் காமிக்ஸில் டெட்பூல் ஓயாத வாயாடி. துப்பாக்கியைவிட அந்த வாய்தான் அவனுக்கு ஆயுதம். 2009-ல் வந்த 'எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வோல்வரின்' க்ளைமாக்ஸில் அந்த வாயையே தைத்துவிட்டார்கள்! போதாக்குறைக்குக் கண்ணிலிருந்து லேசர், கையிலிருந்து வாள். இத்தனை சக்தி கொடுத்தும் டெட்பூலைக் காணோம். உடை மாறினால்கூட ரசிகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். குணத்தில் கை வைத்தால்தான் கொதிப்பார்கள்.

2014-ல், இயக்குநர் டிம் மில்லரின் சோதனைக் காட்சி ஒன்று இணையத்தில் கசிந்தது. அதில் அதே பழைய வாயாடி! ரசிகர்கள் கொண்டாடியதைப் பார்த்துத்தான் ஸ்டுடியோ சம்மதித்தது. 2016-ல் வெளியான 'டெட்பூல்' படத்தின் பட்ஜெட் சுமார் 5.8 கோடி டாலர். இந்த வகைப் படங்களுக்கு இது ரொம்பக் குறைவு. பெரிய துப்பாக்கிச் சண்டை எடுக்கக் காசில்லாததால், ஹீரோ துப்பாக்கிப் பையை டாக்ஸியிலேயே மறந்துவிடுவதாக எழுதிச் சமாளித்தார்கள். அந்த அசட்டுத்தனமும் அவனுக்குப் பொருந்திப்போய் தியேட்டரில் சிரிப்பானது. உலக வசூல், 78 கோடி டாலர்! (குட்டீஸோடு உட்கார்ந்து பார்த்துவிடாதீர்கள். ரத்தமும் கெட்ட வார்த்தைகளும் ஏராளம்.)

2018-ல் வந்த இரண்டாம் பாகத்தைப் பார்ப்பவர்கள், பெயர்கள் ஓடும்போது எழுந்துவிட வேண்டாம். காலத்தில் பின்னோக்கிப் போகும் டெட்பூல், வாய் தைக்கப்பட்ட அந்த 2009 டெட்பூலைச் சுட்டுத்தள்ளுகிறான்.